சத்தமும் சாட்சியும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் தடத்தைச் சாலை என்று சொல்ல மனம் வராது. பாறையும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த வழியில் தேயிலைத் தோட்டம் வரை ஆட்களைக் கொண்டு சேர்ப்பவை ஜீப்கள்தான். தோட்டம் தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. வண்டி ஏறும் வழி மட்டும் கேரளப் பக்கம். இப்படிப்பட்ட மலைத்தடங்களில் ஓடித் தேய்ந்த பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று, நான்கு சக்கர இழுவை உள்ளது, சமவெளிக்கு வந்து 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தரைத்தகட்டுக்குக் கீழிருந்து ஊளையிடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ், விசையை முன்னும் பின்னும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் ஒவ்வொரு புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன், பினியன் என்ற பற்சக்கர ஜோடி அடங்கிய இரண்டு ஹவுசிங், நான்கு சக்கரத்திலும் பேரிங். குற்றவாளி இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பெரும்பாலானவை இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் மூழ்கி, இருட்டில் சுழல்கின்றன. காதுக்கு எட்டுகிறது, கண்ணுக்கு எட்டவில்லை.

கேட்டதை வைத்துக்கொண்டு காணாததைச் சொல்ல மனிதருக்கு என்ன உரிமை? பட்டறையில் தினமும் எழும் இந்தக் கேள்விதான் இந்தியத் தத்துவத்தில் அனுமானம் பற்றிய விவாதம் முழுவதற்கும் அடிப்படை. மலையில் புகை தெரிகிறது, நெருப்பு தெரியவில்லை. நெருப்பு இருக்கிறது என்று சொல்லலாமா என்று நியாய நூலார் நூற்றாண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். மணிமேகலையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகளிடையே வரும் பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள். அந்தப் பதில் போதுமானதுதான். ஆனால் பூதவாதியின் சந்தேகத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிடவும் கூடாது. அனுமானம் என்ற பெயரில் எத்தனை நல்ல கியர்பாக்ஸ்கள் வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதை எந்தப் பட்டறைக்காரரும் அறிவார்.

காஞ்சிக்கு வந்த மணிமேகலைக்குப் பௌத்தத் துறவி அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் பகுதி, தமிழில் அனுமானத்தின் இலக்கணத்தை விரிவாகச் சொல்லும் பழைய பாடங்களில் ஒன்று. அதன் பின்னால் நிற்பது பௌத்தத் தருக்க அறிஞர் திங்நாகரின் மரபு. அவர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்பது பௌத்தர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. ஓர் அடையாளத்தை நம்ப வேண்டுமானால் அது மூன்று தேர்வுகளில் தேற வேண்டும் என்றார் திங்நாகர். ஆராயும் பொருளில் அந்த அடையாளம் உண்மையிலேயே இருக்க வேண்டும். அதே காரணம் உள்ள வேறிடத்திலும் அது காணப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காரணம் இல்லாத இடத்தில் அது இல்லாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் மெக்கானிக்குகள் இயல்பாகவே செய்துவிடுகிறார்கள். "இதே சத்தம் போன மாசம் ஒரு வண்டியில வந்துச்சு, பினியன் பேரிங் போயிருந்துச்சு" என்பது இரண்டாவது தேர்வு. மூன்றாவதுதான் விட்டுப்போகிறது. பினியன் பேரிங் நன்றாக இருந்தும் இதே சத்தம் வந்த வண்டி உண்டா? அதைக் கேட்காதவரை கையில் இருப்பது வெறும் ஞாபகம்தான்.

முதல் தேர்வும் தோற்றத்தில்தான் எளிது. சத்தம் எங்கே இருக்கிறது? "பின்னாடி வருது" என்பார் ஓட்டுநர். ஒலி தன் பிறப்பிடத்திலிருந்து ஒன்றை ஒன்று பிறப்பித்துக்கொண்டே பரவுகிறது, காதை அடைவது அந்த வரிசையின் கடைசி ஒலிதான், முதல் ஒலி அல்ல என்றார்கள் வைசேடிகர்கள். ஜீப்பின் இரும்புச் சட்டத்தில் இது அப்படியே நடக்கிறது. பின் ஹவுசிங்கில் பிறந்த அதிர்வு ஷாஃப்ட் வழியாக முன்னேறி, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாங்கிகளில் ஏறி, கியர் லீவரின் தலையில் வந்து அதிர்கிறது. லீவரைப் பிடித்தவர் கியர்பாக்ஸைக் குற்றம் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கடைசி ஒலியைச் சாட்சி சொல்கிறார், அவ்வளவுதான். அதனால் இடம் பற்றி ஓட்டுநர் சொல்வதைவிடக் காலம் பற்றி அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். எப்போதிருந்து, எந்த வேகத்தில், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா, வளைவிலா நேரிலா? நேரில் அறிந்தவரும் அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவருமே நம்பத்தக்கவர் என்பது நியாய மரபின் இலக்கணம். ஓட்டுநர் நேரில் அறிந்தது இவற்றைத்தான்.

காலத்தை எண்ணவும் முடியும். பழைய ஜீப்களில் பரவலாக இருந்த 5.38 விகித ஹவுசிங்கில் கிரவுனுக்கு 43 பற்கள், பினியனுக்கு 8. ஆறு அங்குல அகலமும் 16 அங்குல ரிம்மும் கொண்ட பழைய டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஐந்து முறை சுற்றுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் 27 முறை. கிரவுனும் பினியனும் வினாடிக்கு 217 தடவை பல்லோடு பல் மோதுகின்றன. கிரவுனில் ஒரு பல் சிதைந்திருந்தால் வினாடிக்கு ஐந்து தட்டு, கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். பினியன் பல் சிதைந்திருந்தால் 27 தட்டு, அது எண்ண முடியாத உறுமல். எல்லாப் பற்களும் சீராகத் தேய்ந்திருந்தால் 217 அதிர்வுள்ள ஒரே நீண்ட சுரம், அதுதான் ஊளை. டயர் சத்தத்துக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. தார் மாறினால் அதுவும் மாறும், சிமெண்ட் பாலத்தில் ஏறினால் வேறு குரலில் பேசும். சக்கர பேரிங்குக்கு வளைவுதான் தேர்வு. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரங்களில் விழுகிறது. அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்கம் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் இது ஊகம்தான். ஊகத்தை அறிவாக்குவது அடுத்த படி, நீக்கிப் பார்ப்பது. உண்டானால் உண்டு, இல்லையானால் இல்லை என்ற இருமுனைச் சோதனையை அன்வயம், வியதிரேகம் என்று நம் தருக்க நூல்கள் பெயரிட்டு வைத்திருக்கின்றன. 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் ஆங்கிலத்தில் வகுத்த ஒப்புமை, வேற்றுமை முறைகளும் இதன் நெருங்கிய உறவினர்கள். ஜீப் இதற்கென்றே செய்ததுபோல் அமைந்த வண்டி. வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் கிளட்சை மிதித்துப் பார்க்கலாம். முன்சக்கர ஹப்பைத் திருகி விடுவித்தால் இரு சக்கர இழுவையில் முன் ஆக்சில், முன் கிரவுன், முன் ஷாஃப்ட் எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்துவிடும், ஸ்பானரே வேண்டாம். திருகும் ஹப் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். பின் ஷாஃப்டைக் கழற்றி, நான்கு சக்கர லீவரைப் போட்டு, முன் ஆக்சிலால் மட்டும் மண்தரையில் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் நீக்க வேண்டும். இரண்டை நீக்கினால் கிடைத்த விடை எதனுடையது என்று தெரியாமல் போய்விடும். மணிமேகலையின் அளவைவாதி அறிவின் வாயில்களாகப் பத்தை எண்ணும்போது, காட்சியையும் கருதலையும் போலவே இன்மையை அறிதலுக்கும் தனி இடம் கொடுத்து அபாவம் என்கிறான். வெற்று இடத்தைப் பார்ப்பதும் அறிவுதானா என்று தத்துவ உலகில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. முன் ஷாஃப்டைக் கழற்றி ஓட்டிவிட்டு, "இப்ப கேக்கலை" என்று சொல்லும் மெக்கானிக் அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை.

காரணம் காட்டுவதில் தவறு நேரும் வழிகளையும் அறவண அடிகள் மூன்றாக வகுத்துச் சொல்கிறார்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். மூன்றுக்கும் பட்டறையில் ஆள் உண்டு. வேகம் கூடக் கூடச் சத்தம் கூடுகிறது என்று சொல்லி ஹவுசிங்கைப் பிரிக்கிறார்கள். உண்மையில் கூடியது இன்ஜின் சுழற்சியோடு, சாலை வேகத்தோடு அல்ல. கீழ்க் கியரில் அதே வேகத்தில் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும். சொன்ன காரணமே அங்கே இல்லை, அது அசித்தம். சாலை வேகத்தோடுதான் கூடுகிறது என்று உறுதியானாலும் கிரவுன்தான் என்று முடிவுகட்ட முடியாது, ஏனென்றால் டயரும் சக்கர பேரிங்கும் அப்படியே கூடும். இரண்டு பக்கமும் சாயும் காரணம் அநைகாந்திகம். மூன்றாவது இன்னும் விபரீதமானது. வண்டி நிற்கும்போது கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறது, ஆகவே கிளட்ச் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். கிளட்ச் பேரிங் வேலை செய்வதே மிதிக்கும்போதுதான். மிதித்ததும் ஓய்வது கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்டும் அதோடு சுழலும் கவுண்டர் ஷாஃப்டும். சொன்ன காரணம் சொன்னவரின் முடிவையே மறுக்கிறது, அது விருத்தம்.

இவற்றைவிட நுட்பமான பிழை ஒன்றை நியாய நூலார் ஈர விறகின் மூலம் விளக்கினார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை இல்லை, பழுத்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. புகைக்கு நெருப்போடு ஈர விறகும் வேண்டும். அந்த மறைந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். பழைய ஜீப்பில் நான்கு சக்கர லீவரைப் போட்டதும் கடகடவென்று சத்தமும் ஸ்டியரிங்கில் இறுக்கமும் வருகின்றன. லீவரை எடுத்தால் போய்விடுகின்றன. உண்டானால் உண்டு, இல்லையானால் இல்லை. அப்படியானால் டிரான்ஸ்ஃபர் கேஸ்தானே கெட்டுவிட்டது? பெரும்பாலும் இல்லை. இந்த வண்டிகளில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கெட்டியாகப் பூட்டப்படுகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் போக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, முறுக்கம் பற்களில் ஏறிச் சத்தமாகிறது. இங்கே ஈர விறகு, காய்ந்த சாலை. இருமுனைச் சோதனை பொய் சொல்லவில்லை; அதை ஒரே தரையில் மட்டும் செய்து பார்த்தவர்தான் அவசரப்பட்டுவிட்டார். மண்ணில் இறக்கி மறுபடி ஓட்டியிருந்தால் விடை அங்கேயே கிடைத்திருக்கும்.

குற்றத்துக்கும் குணத்துக்கும் உள்ள எல்லை இன்னொரு சிக்கல். 1941இன் வில்லிஸ் ஜீப்பில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஓடிய ஸ்பைசர் 18 என்னும் டிரான்ஸ்ஃபர் கேஸில், சாதாரண ஓட்டத்தில்கூட விசை நடுவில் உள்ள கியர் வழியாகத்தான் பின்னால் போகிறது. அதனால் அது புதிதாக இருக்கும்போதே முனகும். அதற்குப் பின் வந்த டானா 20 வகையில் சாதாரண ஓட்டத்துக்கு விசை நேராக ஊடுருவிச் செல்கிறது, ஆகவே அது அமைதியானது. பழைய வகை ஜீப்பை வாங்கி அதன் முனகலை நிறுத்தச் சொல்லி வருபவரிடம், "இது இதோட சுபாவம்" என்று சொல்ல மெக்கானிக்குக்குத் துணிவு வேண்டும். அதே சமயம், சுபாவம் என்று சொல்லி நோயை மறைத்துவிடவும் கூடாது. அந்த நடுக் கியர் சுழலும் நிலைத்தண்டு ஆரம்ப வண்டிகளில் முக்கால் அங்குலக் கனம்தான்; பிந்தைய வண்டிகளில் அது ஒன்றேகால் அங்குலமாகப் பருத்துவிட்டது. தேய்மானம் எங்கே குடியிருந்தது என்பதற்குத் தயாரித்தவர்களே கொடுத்த வாக்குமூலமாக இதை எடுத்துக்கொள்ளலாம். நேற்று வரை முனகிய பெட்டி இன்று உறுமினால், மாற்றம்தான் அடையாளம். ஒலியின் அளவு அல்ல.

சத்தத்தை நிறுத்துவது மட்டும் நோக்கமென்றால் சுருக்கு வழிகள் உண்டு. பழைய வண்டி விற்பவர்களில் நேர்மை இல்லாதவர்கள் கியர்பாக்ஸிலும் ஹவுசிங்கிலும் மரத்தூளைத் திணித்து விற்ற கதை பல நாடுகளில் தெரிந்த கதை. 90 எண் எண்ணெய்க்குப் பதில் 140 எண் எண்ணெய் ஊற்றினாலும் ஊளை கொஞ்சம் அடங்கும். அடங்கியதும் வண்டிக்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். இங்கேதான் இந்தக் கட்டுரையின் கேள்வி கூர்மையாகிறது. அடையாளம் மறைந்தால் காரணம் மறைந்ததாக ஆகுமா? புகையைப் பார்த்து நெருப்பை அறியலாம் என்று சொன்ன எவரும், புகை இல்லாததைப் பார்த்து நெருப்பு இல்லை என்று அறியலாம் எனச் சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றிக்கொண்டே போய் ஏதோ ஒரு கட்டத்தில் சத்தம் நின்றுவிட்ட வண்டியிலும் இதே குறை உண்டு. நின்றது எதனால் என்று அங்கே யாருக்கும் தெரியாது. திரும்ப வந்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. மலைப்பாதையில் ஆளேற்றிப் போகும் வண்டியில் இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. பினியன் பூட்டிக்கொண்டால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும்.

நியாய சூத்திரம் பதினாறு பொருள்களை எண்ணித் தொடங்குகிறது. அதில் ஐயம் மூன்றாவது, தெளிவான முடிவு ஒன்பதாவது. இரண்டுக்கும் நடுவே நோக்கம், எடுத்துக்காட்டு, ஏற்றுக்கொண்ட கொள்கை, வாதத்தின் உறுப்புகள், எதிர்வாதத்தைச் சோதிக்கும் தர்க்கம் என்று ஐந்து படிகள் நிற்கின்றன. ஐயம் இழிவு அல்ல, விசாரணையின் உறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "இன்னும் தெரியலை, ஷாஃப்டைக் கழட்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டிக்காரர்கள் பொறுமை இழக்கிறார்கள். கேட்டவுடனே விடை சொல்பவரிடம் போய் நிற்கிறார்கள். இது வருத்தமான பழக்கம். ஐந்து படிகளையும் தாண்டிக் குதித்தவரின் விடைக்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது.

பிரித்துப் பார்க்க வேண்டிய வேளை வந்தாலும் கை அவசரப்படக் கூடாது. ஹவுசிங்கைப் பிரிப்பது சாட்சியைக் கலைப்பது. ஆகவே கழற்றும் முன்பே, பின்மூடியை மட்டும் எடுத்துவிட்டு, கிரவுன் பல்லில் டயல் கேஜை வைத்து, பேக்லேஷ் எனப்படும் பல்லிடைத் தளர்வைப் பார்க்க வேண்டும், பொதுவாக 0.1 மில்லிமீட்டருக்கும் 0.25 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டிய அளவு அது. பிறகு பற்களில் புளூ என்ற சாயம் தடவிச் சுழற்றினால் பினியன் எங்கே உரசுகிறது என்ற தடம் விழும். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டது. நுனியில் விழுந்தால் வெளியே தள்ளி நிற்கிறது. இரண்டையும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம். இந்தத் தடத்தைப் பார்க்காமல் கழற்றியவரால், பழைய நிலை என்னவென்று பிறகு எந்த அனுமானத்தாலும் மீட்க முடியாது. கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே தேய்ந்தவை அவை. ஷாஃப்டைக் கழற்றும்போது இரண்டு துண்டுகளிலும் கோடு கிழித்துக்கொள்வதும் முக்கியம். இரண்டு முனை நுகங்களும் ஒரே தளத்தில் நிற்காவிட்டால், கிராஸ் ஜாயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மறுமுனை சமன்செய்யாது. பழைய சத்தம் போய்ப் புதிய அதிர்வு வந்து சேரும், அதற்கான காரணம் பழுதுபார்த்தவரின் கை.

பினியன் பேரிங்தான் என்று உறுதியாகி அதை வெளியே எடுத்தாகிவிட்டது என்றே கொள்வோம். உருளைகள் ஓடும் வளையத்தில், உருளைக்கும் உருளைக்கும் உள்ள அதே இடைவெளியில் வரிசையாகத் துருக்குழிகள். ஓடும்போது பிடித்த துரு இப்படி இடைவெளிவிட்டு விழாது. வண்டி ஒரே நிலையில் பல நாள் நின்றிருக்கிறது, அப்போது உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. வடித்த ஆயிலும் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது. தண்ணீர் எப்படி வந்தது? ஓடிச் சூடான ஹவுசிங் ஓடைத்தண்ணீரில் இறங்கும்போது உள்காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றை இழுத்துக்கொள்ள மேலே பிரீதர் என்றொரு சின்னத் துவாரம் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால் ஹவுசிங் ஆயில் சீலின் வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது. அப்படியானால் ஊளைக்குக் காரணம் பேரிங்கா, துருவா, தண்ணீரா, சீலா, அடைபட்ட பிரீதரா, அதைத் துடைக்காத கையா, வண்டியை மழையில் நிறுத்திய மாதங்களா?

காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டே போனால் முடிவே இல்லை. இந்த முடிவின்மையை அனவஸ்தை என்று குற்றமாகவே எண்ணினார்கள் நம் தருக்கவாதிகள். சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணமென்றும், தண்டு சக்கரத்தைத் துணைக்காரணமென்றும், குயவரை நிமித்தகாரணமென்றும் பிரித்தபோது, ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் ஒரே நேரத்தில், வேறு வேறு விதத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று ஒத்துக்கொண்டது. பட்டறையில் விசாரணையை நிறுத்த வேண்டிய இடம், கை வைத்தால் மறுபடி வராமல் தடுக்கக்கூடிய இடம். இந்த வண்டியில் அது பேரிங் அல்ல. புதுப் பேரிங்கும் புதுச் சீலும் போட்டு, பிரீதரைச் சுத்தம் செய்து, அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, ஓடைத்தண்ணீர் எட்டாத உயரத்துக்குச் சேசிஸில் ஏற்றிக் கட்டிவிட வேண்டும். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஹவுசிங்கின் வடிகால் நட்டைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பார்த்தால், இந்த அனுமானம் நின்றதா விழுந்ததா என்று தெரிந்துவிடும்.